கல்வெட்டுக்கு எழுதிக் கொடுக்காதவை

அச்சகத்துப் பொடியன் மூன்று மாதிரி காட்டினான்.
ஒன்றில் குத்துவிளக்கு, ஒன்றில் தாமரை,
மற்றதில் முகில் கிழித்து இறங்கும் வெளிச்சம்.
"குடும்ப விளக்கு அணைந்ததம்மா எண்டு தொடங்குற பாட்டைத்தான்
எல்லாரும் எடுக்கிறவை, ஐயா.
பேரை மட்டும் மாத்தினால் காணும்."

காணாது, தம்பி.
இதயராணி விளக்கில்லை.
கரண்ட் போனால் உவர்மலை முழுக்கக் கேட்கக்
கத்துகிறவள் அவள்தான்.

தொலைபேசி நிலையத்தில் அவள் ஒரு குரலாக இருந்தாள்.
நான் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கணக்கெழுதினேன்.
கொழும்புக் கந்தோருக்கு அழைப்புப் பதிந்தால்
நடுவில் வந்து கேட்பாள்:
"மூண்டு நிமிஷம் முடியுது. நீட்டவோ?"
நீட்டுங்கோ, நீட்டுங்கோ என்று
கூட்டுத்தாபனக் காசில் நான் நீட்டியதை
கணக்காய்வாளர் கண்டுபிடித்தார்.
இந்தப் பிள்ளையைத்தான் முடிக்கப் போகிறேன் என்றேன்.
சிவப்பு மையால் என்னவோ எழுதினார்.
கலியாணத்துக்கு வந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார்.

ஊரில் யார் யாரோடு பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.
எந்த முதலாளி இரவு பத்துக்குப் பிறகு எந்த இலக்கம் கேட்பார்,
எந்த வீட்டில் மணி அடித்தும் எடுக்க மாட்டார்கள்.
ஒருநாளும் சொன்னதில்லை, என்னிடம்கூட.
தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு மட்டும்
நித்திரையில் இலக்கங்கள் சொல்லுவாள்.
அடித்துக்கொண்டே இருந்த வீடுகள்.
நான் எழுப்புவதில்லை.
அவள் சொல்லி முடியும்வரை விழித்திருப்பேன்.

இதையும் கல்வெட்டில் போடேலாது:
முந்நூற்றிநாலு விளையாட்டில் அவள் அளாப்புவாள்.
தோட்டைத் தொட்டால் ஆட்டின்,
கண்ணாடியை ஏற்றிவிட்டால் இஸ்கோப்பன்.
நாற்பத்தொன்பது வருஷம் நான்தான் சோடி.
அட்சயனும் மிதுசாவும் விடுமுறைக்கு வந்து
தோற்றுத் தோற்று, கடைசியில்
சீட்டுக்கட்டைக் கிணற்றுக்குள் போட்டார்கள்.
புதுக்கட்டு வாங்க என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள்:
"அம்மம்மா எண்டால் விட்டுக் குடுப்பாள் எண்டு
ஆர் உங்களுக்குச் சொன்னது?"

செத்தவீட்டு மலர்வளையங்களை மதிலோரம் சாத்தியிருந்தோம்.
விடிய எழும்பிப் பார்த்தால்
கோட்டைப் பக்கத்து மான்கள் நாலு
சாமந்தியெல்லாம் முடித்து
ஓய்வூதியர் சங்கத்தின் ரிபனை மென்றுகொண்டு நிற்கின்றன.
முப்பது வருஷம் அவளுக்கும் மான்களுக்கும் சண்டை,
செவ்வரத்தைக்கு, கீரைப்பாத்திக்கு,
ஒருமுறை கொடியில் காய்ந்த என் சாரத்துக்கு.
படலைக்குப் பின்னால் அவளுடைய விளக்குமாறு.
எடுத்தேன், ஓங்கினேன்,
அவளுடைய கெட்ட வார்த்தையையே சொன்னேன்.
மான்கள் தலை தூக்கின.
என்னைப் பார்த்தன, ஆள் மாறிப்போச்சே என்பதுபோல.
பிறகு குனிந்து மிச்சத்தைத் தின்றன.

ஆஸ்பத்திரியில் கடைசிப் பின்னேரம்
தாதிப் பிள்ளை கதவைத் திறந்து,
"ஐயா, மூண்டு நிமிஷந்தான்" என்றாள்.
நீட்டுங்கோ என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
விளங்க வேண்டியவளின் வாயில் குழாய்.
ஆனால் கை எழும்பியது,
ஊசி குத்தின கை, மெல்ல மெல்லக்
காதுவரை போய்த் தடவியது.
தோடு அங்கே இல்லை.
என் சட்டைப்பையில், ஆஸ்பத்திரிக் கடித உறைக்குள் கிடந்தது.

"ஐயா, மகள் லண்டனிலயிருந்து தாமரையைச் சொல்லிப்போட்டா"
என்கிறான் பொடியன்.
சரி, தாமரையைப் போடும்.
பாட்டும் இருக்கட்டும், அம்மாவும் விளக்கும் அப்படியே இருக்கட்டும்.
நாளைக்குக் கன்னியாவில் கிரியை.
இருநூறு பிரதி காணும்.
மான் தின்னாத தாள் ஏதும் இருந்தால் பாரும், தம்பி.